தொடாமல் நாடி பார்க்கும் கண்

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



நாடி பார்ப்பது என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்றே. வைத்தியர் நம் மணிக்கட்டைப் பற்றி, மூன்று விரல்களை அதன்மேல் வைத்து, வாதம், பித்தம், கபம் எனக் கணிக்கும் காட்சியே அது. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர் ஐயாவும் அவ்வாறே கையைப் பற்றினார். அவருடைய மறுகையில் கடிகாரம் ஒன்று கூடுதலாக இருந்தது, அவ்வளவே. நாட்டு வைத்தியமாயினும் மேனாட்டு மருத்துவமாயினும், தொட்டுப் பாராமல் நாடி அறிய இயலாது என்பதே நம் பாட்டன் பாட்டி அறிந்த உண்மை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்குச் சென்றவர்கள் அங்கே கண்பார்வையற்றோர் உடம்பு பிடித்துவிடும் தொழில் நடத்துவதைக் கண்டிருப்பீர்கள். நரம்பு எங்கே முறுக்கிக்கொண்டது, சதை எங்கே இறுகிக் கிடக்கிறது என்பதை அவர்தம் விரல்களே பார்க்கின்றன. தொடு உணர்வின் ஆற்றலுக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இன்றோ இதற்கு நேர் எதிரான ஒன்று வந்துள்ளது. கைப்பேசியிலும் கணினியிலும் பொருத்தப்பட்டிருக்கும் சாதாரணப் படக்கருவி, எவரையும் தொடாமல், எட்ட நின்று முகத்தைப் பார்த்தே இதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கிறது என்று கூறிவிடுகிறது. தோட்டத்து லயங்களிலும் இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. “முகத்தைக் காட்டுங்கள், இதயத்தின் நிலையைச் சொல்கிறோம்” என்று விளம்பரம் செய்யும் செயலிகளும் பெருகிவிட்டன. இஃது எவ்வாறு நிகழ்கிறது, நம் போன்ற கறுத்த மேனியர்க்கு இது எந்த அளவு பொருந்தும், எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்துள்ளோம்.

முதலில் சிறிது பழங்கதை. மருத்துவர்க்கும் நோயாளிக்கும் இடையே இருந்த தொடுதல் திடீரென்று மறைந்துவிடவில்லை. சிறிது சிறிதாகவே விலகிற்று. 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த சர் ஜான் ஃபிளோயர் என்னும் மருத்துவர், நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு கடிகாரத்தைச் செய்வித்து, அதைப் பற்றி நூலும் எழுதினார். அதுவரை நாடி விரைவாக ஓடுகிறது, மெதுவாக ஓடுகிறது என்று கூறிவந்த மருத்துவர்கள், அதன்பின் எண்ணாகக் கூறத் தலைப்பட்டனர். 1816-இல் பாரிஸ் நகரில் ரெனே லென்னெக் என்னும் மருத்துவர், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் காது வைத்துக் கேட்பதற்குக் கூசினார். ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதய ஒலி முன்னினும் தெளிவாகக் கேட்டது! இன்று மருத்துவர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் பிறந்தது அவ்வாறுதான். கூச்சமும் சில வேளைகளில் உலகிற்கு நன்மை செய்கிறது போலும்.

அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டு வில்லெம் ஐந்தோவன், இதயத்தில் எழும் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரையும் கருவியை உருவாக்கினார். நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிறைந்த சாடிகளில் அமிழ்த்திக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக 1924-ஆம் ஆண்டு நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்று நாம் ‘ஈ.சி.ஜி.’ என்று கூறுவது அதன் வழிவந்ததே.

நம் கதைக்கு மிக நெருங்கிய உறவினர் 1937-இல் தோன்றினார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்னும் அறிஞர், விரல்மீது ஒளியைச் செலுத்தி, விரலுக்குள் இரத்தம் ஏறி இறங்குவதை அந்த ஒளியின் மாற்றத்தைக் கொண்டே அளந்து காட்டினார். 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவொயாகி அதே வழியில் மேலும் ஒரு படி சென்று, இரத்தத்தில் உயிர்வளி எவ்வளவு உள்ளது என்பதையும் ஒளியைக் கொண்டே அளக்கும் முறையை வகுத்தார். கோவிட் பெருந்தொற்றின்போது நம்மில் பலர் விரல் நுனியில் மாட்டிக்கொண்ட ‘ஆக்சிமீட்டர்’ என்னும் சிறு கவ்வி அதன் பேரப்பிள்ளையே.

ஆனால் அந்தக் கவ்வியும் விரலைக் கவ்வத்தானே வேண்டும்? அந்தக் கவ்வலும் தேவையில்லை என்று மெய்ப்பித்தவர்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வெர்க்ரெய்ஸ, ஸ்வாசண்ட், நெல்சன் என்னும் மூவர். 2008-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் தனிப்பட்ட விளக்கு இல்லை, மருத்துவமனைக் கருவி இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரணப் படக்கருவி, சாதாரணப் பகல் வெளிச்சம், ஒரு மீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் அமர்ந்திருக்கும் மனிதர் — இவ்வளவே. அந்தப் படங்களிலிருந்து அவர்கள் நாடியைப் பிரித்தெடுத்துக் காட்டினர்.

இது எவ்வாறு இயலும் என்று வினவுவீர்கள். நம் தோட்டத்துச் செய்தி ஒன்றைக் கொண்டே விளக்குவோம். பால் நிறுக்கும் இடத்தில் கிராணி மெட்ரோலாக் என்னும் மிதவையைப் பாலில் இடுவதைக் கண்டிருக்கிறீர்கள். அந்தக் கோல் எவ்வளவு அமிழ்கிறது என்பதைப் பார்த்து, அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணித்துவிடுகிறார். ரப்பரை அவர் கண்ணால் காண்பதில்லை. உறையவைத்து, உருட்டி, உலர்த்தி நிறுத்துப் பார்ப்பதும் இல்லை. ரப்பர் மிகுந்த பாலில் கோல் ஆழமாக அமிழும், நீர் மிகுந்த பாலில் மேலே நிற்கும் என்னும் இயற்கை விதியே அவருக்குத் துணை. ஒன்றை அளந்து மற்றொன்றை அறியும் முறை அது. படக்கருவியும் இதயத்தைக் காண்பதில்லை. முகத்தின் நிறத்தை அளந்து இதயத்தை அறிகிறது.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் புது இரத்தம் உடலெங்கும் பாய்கிறது. முகத்துத் தோலின் அடியில் உள்ள மயிரிழை போன்ற நுண்குழாய்களும் அதனால் சற்றே நிறைகின்றன. இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் என்னும் பொருள் பச்சை ஒளியை மிகுதியாக விழுங்கும் இயல்புடையது. ஆகவே, இரத்தம் நிறையும் கணத்தில் முகத்திலிருந்து திரும்பி வரும் பச்சை ஒளி ஓர் இம்மி குறைகிறது. இரத்தம் வடியும் கணத்தில் ஓர் இம்மி கூடுகிறது. நம் முகங்கள் யாவும் ஒவ்வொரு துடிப்பிற்கும் இவ்வாறு நிறம் மாறியவண்ணம் இருக்கின்றன. எதிரே அமர்ந்திருக்கும் மனைவிக்கும் தெரிவதில்லை, தாய்க்கும் தெரிவதில்லை. அவ்வளவு நுட்பமான மாற்றம் அது.

எவ்வளவு நுட்பம் என்றால், படக்கருவி பச்சை நிறத்தின் அளவை 256 படிகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. நாடியால் நேரும் மாற்றம் அதில் ஒரு படி அளவும் இராது. படத்தின் ஒரு புள்ளியை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. கருவியின் சொந்தப் பிழையே அதனினும் பெரிதாயிருக்கும். ஆனால் முகம் ஒரு புள்ளியன்று. அகலம் 200, உயரம் 200 என்று பதிவானாலும் 40,000 புள்ளிகள் ஆகின்றன. அவை அனைத்தையும் கூட்டிச் சராசரி கண்டால், தற்செயலாக நேரும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஏறத்தாழ 200-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நாடியோ எல்லாப் புள்ளிகளிலும் ஒரே தாளத்தில் நிகழ்வதாகலின் குறையாமல் நிற்கும். ஒரு மரத்து மங்கைப் பார்த்து அந்த நிரையின் விளைச்சலைக் கூற முடியுமா? முடியாது. நிரை முழுவதும் சேர்ந்த வாளியைப் பார்த்தால் கூறிவிடலாம் அன்றோ! அதே கணக்குத்தான்.

படக்கருவி விநாடிக்கு 30 படங்கள் எடுக்குமானால், அரை நிமிடத்தில் 900 படங்கள் சேரும். அவற்றின் சராசரிகளை வரிசையாக அடுக்கினால் ஏறி இறங்கும் ஓர் அலை கிடைக்கும். மனித இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 40 முறைக்குக் குறைந்தோ 240 முறைக்கு மிஞ்சியோ துடிப்பது அரிது. ஆதலால் அந்த எல்லைக்கு வெளியே உள்ள ஏற்ற இறக்கங்களைக் கணினி ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் மிக வலுவான தாளம் எதுவோ அதையே நாடி என்று அறிவிக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2010-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மிங் செர் போ, டேனியல் மெக்டஃப், ரோசலிண்ட் பிக்கார்ட் ஆகியோர் மடிக்கணினியோடு சேர்ந்தே வரும் படக்கருவியைக் கொண்டு இதைச் செய்து காட்டினர். ஒரே சட்டத்துள் அமர்ந்த மூவரின் நாடிகளையும் ஒரே வேளையில் அளந்தனர். அவர்கள் கையாண்ட உத்தி சுவையானது. பத்துமலைத் தைப்பூசத்தை எண்ணிப் பாருங்கள். உறுமி மேளம் ஒரு புறம், ஒலிபெருக்கி அறிவிப்பு ஒரு புறம், வழி தவறிய குழந்தையின் அழுகை ஒரு புறம். மூன்று இடங்களில் மூன்று ஒலிவாங்கிகளை வைத்தால், மூன்றிலும் மூன்று ஒலிகளும் கலந்தே பதிவாகும். ஆனால் கலந்திருக்கும் விகிதம் ஒவ்வொன்றிலும் வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கொண்டே குழந்தையின் அழுகையைத் தனியே பிரித்தெடுக்கும் கணித முறை ஒன்று உண்டு. படக்கருவி பதியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களையும் மூன்று ஒலிவாங்கிகளாகக் கொண்டு, தலையசைவு, வெளிச்ச மாற்றம் ஆகிய இரைச்சல்களுக்கிடையே நாடியைப் பிரித்தெடுத்தார்கள்.

இனி, நமக்கு உரிய பகுதிக்கு வருகிறோம். இதைக் கூறவே இங்கு வந்தோம் எனினும் தகும்.

தோலின் மேலடுக்கில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் உள்ளது. வெயிலில் உழைக்கும் நம்மவர்க்கு இயற்கை அளித்த குடை அது. ஆனால் படக்கருவிக்கு அது ஒரு திரை. ஒளி உள்ளே போகும்போது ஒரு பங்கை மெலனின் விழுங்குகிறது. திரும்பி வரும்போதும் ஒரு பங்கை விழுங்குகிறது. வெளுத்த முகத்தில் ஓர் இம்மியாக இருக்கும் நாடியின் அடையாளம், கறுத்த முகத்தில் அந்த இம்மியிலும் ஒரு துணுக்காகச் சுருங்கிவிடுகிறது. அதனோடு, தொடக்க ஆய்வுகள் பலவற்றில் பங்குகொண்டோர் பெரும்பாலும் வெளுத்த தோலினர். அவர்களை வைத்துத் தீட்டிய கத்தி நம்மிடம் மழுங்குவதில் வியப்பென்ன?

இந்தக் குறையை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்களுள் ஒருவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர் என்பதை இங்கே கூறுவதில் நமக்கு மகிழ்ச்சி. அவர் பெயர் அசோக் வீரராகவன். அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2013-ஆம் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், மாணவர் மயங்க் குமார் உள்ளிட்டோர், ஹூஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றார்கள். மாதம் நிறையாமல் பிறந்த சிசுக்களின் உடம்பெல்லாம் கம்பிகள் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அத்தகைய சிசுவின் தோல் வெங்காயத் தோல் போன்றது. ஒட்டுத்துணியை உரிக்கும்போது தோலும் சேர்ந்து உரிந்துவிடக் கூடும். கம்பிகள் இன்றியே அளக்க இயலாதா என்னும் வினா அங்கேதான் அவர்களுக்கு எழுந்தது.

குமார், வீரராகவன், அசுதோஷ் சபர்வால் ஆகிய மூவரும் 2015-இல் ‘டிஸ்டன்ஸ் பி.பி.ஜி.’ என்னும் முறையை வெளியிட்டனர். அதன் உட்கருத்தைப் பால்மரம் சீவுவோர் எளிதில் உணர்வர். ஒரு நிரையில் உள்ள மரங்கள் எல்லாம் ஒரே அளவு பால் சுரப்பதில்லை. எந்த மரம் நன்றாகச் சுரக்கும், எது பட்டை வற்றிப்போனது என்பதை நாளும் கத்தி வைக்கும் கை அறியும். முகமும் அப்படித்தான். நெற்றியிலும் கன்னத்திலும் நாடியின் அடையாளம் வலுவாக எழலாம். வேறோர் இடத்தில் மங்கிக் கிடக்கலாம். ஆளுக்கு ஆள் இது மாறவும் செய்யும். ஆகவே, முகத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்று மதிப்பிட்டு, தெளிவாகப் பேசும் பகுதிக்கு மிகுந்த மதிப்பும் முணுமுணுக்கும் பகுதிக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துச் சராசரி காணும்படி அவர்கள் செய்தனர். தலை அசையும்போது ஒவ்வொரு பகுதியையும் கணினி பின்தொடர்ந்து செல்லும்படியும் செய்தனர். கறுத்த தோலினரிடத்தும், மங்கிய வெளிச்சத்திலும் முன்னைய முறைகளினும் இது சிறந்து விளங்கிற்று.

ஆயினும் குறை முற்றிலும் நீங்கிவிட்டதா? இல்லை. 2020-இல் இவா நோவாரா, டேனியல் மெக்டஃப் ஆகியோரோடு சேர்ந்து அதே வீரராகவன், பலவகைத் தோல் நிறத்தினரின் அளவீடுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தார். தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் வழக்கம் மருத்துவ உலகில் உண்டு. அவற்றுள் மிகக் கறுத்த ஆறாம் வகையினரிடம் அளவீட்டின் தரம் வெகுவாக வீழ்கிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. தாம் வளர்த்த துறையின் குறையைத் தாமே அளந்து உலகறியக் கூறிய அந்த நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

இது படக்கருவிக்கு மட்டும் உரிய குறையன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதற்கு விலக்கில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருந்த வேளையிலேயே, இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, உயிர்வளி ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காட்டுச் சோதனைகளில், கறுப்பினத்தவரிலோ 11.7 விழுக்காட்டுச் சோதனைகளில். மூன்று மடங்கு! அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் வீடுதோறும் அந்தக் கவ்வியை நம்பி இரவைக் கழித்தோர் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள். கருவி பொய் கூறுவதாக நாம் சொல்லவில்லை. அது யாரை வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்னும் வினாவைக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்கிறோம்.

குறைக்கு மாற்றும் தேடப்பட்டு வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அச்சுதா கடம்பி என்னும் இந்திய வம்சாவளிப் பேராசிரியரின் குழு, 2022-இல் படக்கருவியோடு ரேடாரையும் இணைத்து ஒரு முறையை வெளியிட்டது. ரேடார் அலை மார்பின் நுண்ணசைவைக் கண்டு நாடியைக் கணிக்கிறது. அதற்குத் தோலின் நிறம் ஒரு பொருட்டன்று. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

தோல் நிறத்தை விடுத்து வேறு தடைகளும் உள. பேசிக்கொண்டே முகத்தைக் காட்டினால் எண் பிறழும். சிரித்தாலும் பிறழும். குழல் விளக்கு நம் கண்ணுக்கு நிலையாக எரிவது போல் தோன்றினும், உண்மையில் விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது; அந்த மினுக்கம் படக்கருவியின் வேகத்தோடு மோதி, இல்லாத தாளம் ஒன்றை உண்டாக்கலாம். 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிறுநீரகச் சுத்திகரிப்பு நோயாளிகளைப் படம்பிடித்து அளந்தபோது, விளக்கின் இந்த விளையாட்டை நீக்குவதற்கென்றே தனிக் கணிதம் வகுக்க வேண்டியிருந்தது. கைப்பேசிகள் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது நுண்ணிய நிற மாற்றங்களைத் தேவையற்றவை என்று எண்ணிக் கழித்துவிடுவதும் உண்டு. நமக்கு வேண்டியதோ அந்தத் தேவையற்றதுதான்!

இம்முறையால் மெய்யாகவே பயன்பெறுவோர் யாவர்? மேற்கூறிய சிசுக்கள் முதலாவதாக வருவர். ஆக்ஸ்ஃபோர்டு நகரத்து ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் குறைமாதச் சிசுக்களைப் படக்கருவி கொண்டு தொடர்ந்து கண்காணிக்க இயலும் என்று 2014-இல் காட்டப்பட்டது. தீக்காயம் பட்டவர்கள், தொற்றுநோயால் தனித்து வைக்கப்பட்டவர்கள் ஆகியோர்க்கும் இது உதவும். 2021-இல் ஆக்ஸ்ஹெல்த் என்னும் ஆங்கில நிறுவனத்தின் படக்கருவி முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. எனினும் ஒன்றைக் கவனியுங்கள்: அது சுவரில் நிலையாகப் பொருத்திய கருவி, அசையாமல் ஓய்ந்திருக்கும் மனிதரிடம் மட்டும், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில், இடையிடையே எடுக்கும் அளவுக்கே அந்த ஒப்புதல். இங்கிலாந்தின் மனநல மருத்துவமனைகளில் அத்தகைய கருவிகள் அறைகளில் பொருத்தப்பட்டபோது, “எங்களைக் கேளாமல் எங்களைப் பார்ப்பதா?” என்று நோயாளிகள் குரல் எழுப்பினர். அதன் விளைவாக 2025-இல் அங்குள்ள சுகாதாரத்துறை, நோயாளியின் ஒப்புதல் பற்றிய நெறிகளை வெளியிட நேர்ந்தது. தொடாத கருவிக்கு ஒப்புதல் கேட்பாரும் இல்லை, கேட்க நினைப்பாரும் இல்லை. விரல் மணிக்கட்டைத் தொட்டால் நமக்குத் தெரியும். கண் பார்த்தால் தெரியாது. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நலச் செய்தியை மிக நுண்ணிய தரவு என்று வகைப்படுத்தி, வணிக நிறுவனம் அதைக் கையாள்வதற்கு வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்கிறது. இலவசச் செயலி ஒன்று முகத்தைக் கேட்கும்போது, “சம்மதம்” என்னும் பொத்தானை அழுத்துமுன், அந்தப் படம் எங்கே போகிறது என்று வீட்டில் படித்த பிள்ளையைக் கொண்டேனும் படித்துப் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கிள்ளான் மண் மருத்துவ வரலாற்றில் சிறியதன்று என்பதையும் இடையே கூறிவிடுகிறோம். 1901-இல் இங்கே மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சலால் மக்கள் மடிவதைக் கண்டு, சதுப்பு நிலங்களை வடித்துக் கிள்ளானையும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் காத்தார். எந்தத் தோட்டத்தில் காய்ச்சல் மிகுதி என்று அறிய அவர் கையாண்ட வழி யாது? லயத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு குழந்தையின் வயிற்றையும் தடவி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து எண்ணுவது! கருவி ஒன்றும் இல்லை, கையே கருவி. அந்தக் குழந்தைகள் நம் முப்பாட்டன்மாரே. எண்ணிக்கை துல்லியமாக இருந்தமையால் எங்கே வடிகால் வெட்டுவது என்பது தெரிந்தது.

இன்று தோட்டத்தில் நம்மைக் கொல்வது மலேரியா அன்று. 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மற்ற இனத்தவரினும் இது மிகுதி. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினர்க்கு உயர் இரத்த அழுத்தமும், 33.3 விழுக்காட்டினர்க்கு மிகுந்த கொழுப்பும் இருந்தன. இம்மூன்றும் சேர்ந்து இதயத்தைத் தாக்குகின்றன. பால்மரம் சீவுவோர் விடியற்காலை இருட்டில் தனி நிரையில் நிற்பவர்கள். அங்கே நெஞ்சு வலித்தால் அடுத்த ஆள் கூப்பிடு தூரத்தில் இருப்பார் என்னும் உறுதி இல்லை.

ஆகவே, இதைக் கவனமாகக் கேளுங்கள். கைப்பேசி 72 என்று காட்டினால் இதயம் நலமாக உள்ளது என்று பொருளன்று. மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும் நேரத்திலும் நாடி 72 ஆக இருக்கலாம். துடிப்பின் எண்ணிக்கை வேறு. இதயத்துக் குழாயில் அடைப்பு வேறு. நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் கைப்பேசியில் முகத்தைக் காட்டிக்கொண்டிராமல், அதே கைப்பேசியில் 999 எண்ணை அழையுங்கள். நீரிழிவு உடையோர்க்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வருவதுண்டு. காரணமற்ற களைப்பும் வியர்வையும் மூச்சு வாங்குதலும் மட்டுமே தோன்றலாம். அவர்கள் இரட்டிப்புக் கவனமாயிருத்தல் வேண்டும்.

மற்றொன்று: முகத்தைப் பார்த்தே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூறுவோம் என்று சில செயலிகள் மார்தட்டுகின்றன. நாடியைப் பற்றிய அறிவியல் நிலைபெற்றது. அவ்விரண்டைப் பற்றியது அவ்வாறு நிலைபெறவில்லை. அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடவே கூடாது. நம் நாட்டில் மருத்துவக் கருவி என்று விற்கப்படும் எதுவும் 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி அதற்குரிய ஆணையத்திடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். “பொழுதுபோக்குக்காக மட்டும்” என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் செயலி மருத்துவக் கருவியன்று.

உண்மையான சோதனைக்கு வழி தொலைவில் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் வெளிநோயாளியாகப் பார்க்க 1 ரிங்கிட்தான் கட்டணம். நாற்பது வயதை எட்டிய குறைந்த வருமானத்தினர்க்கென 2019-இல் தொடங்கப்பெற்ற ‘பெக்கா பி40’ திட்டத்தின்கீழ், அரசு உதவித்தொகை பெறுவோரும் அவர்தம் துணைவரும் பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். சொக்சோ சந்தாதாரர்களுக்கும் நாற்பது வயதின்மேல் உடற்பரிசோதனைத் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றது. கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இதயத்தில் ஐயம் உண்டாயின் மேல்மருத்துவத்துக்குக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும், கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கிவரும் தேசிய இருதயக் கழகமும் இருக்கின்றன.

கைப்பேசியால் நாடி பார்க்க விரும்புவோர், பின்புறப் படக்கருவியின்மேல் விரல் நுனியை வைத்து, அதன் விளக்கொளியில் அளக்கும் முறையைக் கையாளலாம். ஒளி விரலுக்கு மிக அருகில் இருப்பதால், முகத்தைக் காட்டும் முறையினும் அது நம்பத்தக்கது. விரலில் ஒட்டுப்பால் காய்ந்திருந்தால் கழுவிவிட்டு வையுங்கள்.

அதனினும் நம்பத்தக்க கருவி இப்போதே உங்களிடம் உள்ளது. வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இடக்கை மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கத்துப் பள்ளத்தில் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் தொட வேண்டாம். அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு. ஓய்ந்திருக்கும் வேளையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருப்பது வழக்கம். கடுமையாக உழைத்துப் பழகியவர்க்கு 60-க்குச் சற்றுக் குறையலாம். பிசோப்ரோலோல், அத்தெனோலோல் போன்ற மாத்திரை உண்பவர்க்கும் குறையும். காய்ச்சலிலும் கலக்கத்திலும் ஏறும். எண்ணிக்கையினும் முக்கியமானது தாளம். துடிப்பு ஒன்று விட்டு ஒன்று தவறியும், முன்னும் பின்னுமாகவும், ஒழுங்கின்றி ஓடினால் அது பக்கவாதத்திற்கு வழிகோலும் இதயத் தாளக் கோளாறாக இருக்கலாம். அதை ஈ.சி.ஜி. எடுத்தே உறுதி செய்ய வேண்டும்.

இங்குள்ள சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள். விநாடி முள் பன்னிரண்டைத் தொடும்போது தொடங்கி, ஆறைத் தொடும்வரை எண்ணுங்கள். வந்த தொகையை இரட்டியுங்கள். வாசலருகே மேசையில் அமர்ந்திருக்கும் தாதியரிடம் அந்த எண்ணைக் கூறுங்கள். தாளம் தவறியதாகத் தோன்றியவர்கள் அதையும் மறவாமல் கூறுங்கள். அவர்களுக்கு முதலில் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்கலாம்.